ஹிப்பிகளைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட்: எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கிறேன். வரலாற்றுப் பாடத்தில் ஏதாவது ஓர் எதிர்க்கலாசார இயக்கத்தைப் பற்றி ப்ராஜெக்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஹிப்பி இயக்கத்தை எடுத்திருக்கிறேன். 2,000 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும், வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும், முதன்மைச் சான்றுகள் கட்டாயம். இணையத்தில் எங்கே தேடினாலும் பூ, அமைதி, வுட்ஸ்டாக் இசை விழா, போதை என்று அதே விஷயம்தான் வருகிறது. எங்கே தொடங்குவது? போதைப்பொருள் பற்றி நான் எழுதுவதை வீட்டில் விரும்பவில்லை. அந்தப் பகுதியை விட்டுவிடலாமா?

பதில்: முதல் வேலை, தலைப்பைச் சுருக்குவது. ‘ஹிப்பி இயக்கம்’ என்று எடுத்தால் பல நாடுகள், பத்து ஆண்டுகளுக்கு மேல், இசை, போர் எதிர்ப்பு, கூட்டாக வாழும் கம்யூன் வாழ்க்கை, ஆன்மிகம் என்று எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். 2,000 சொற்களில் எல்லாவற்றையும் தொட்டால், நீங்கள் அலுத்துக்கொள்ளும் அதே பூ-அமைதி-வுட்ஸ்டாக் கட்டுரைதான் உங்கள் கையிலும் மிஞ்சும். ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒரு கேள்வி. அவ்வளவு போதும்.

ஊருக்கு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியையும், ஆண்டுக்கு 1967-ஐயும் சொல்வேன். அந்த ஆண்டு ஜனவரி 14 அன்று கோல்டன் கேட் பூங்காவில் ‘ஹியூமன் பீ-இன்’ என்ற பெருங்கூட்டம் நடந்தது. கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க், போதைப்பொருளை ஆதரித்துப் பேசிய உளவியலாளர் டிமதி லியரி எல்லாம் மேடையில் இருந்தார்கள். கூட்டம் 20,000 முதல் 30,000 வரை என்கிறார்கள். அடுத்து வந்த கோடையில் நாடெங்கிலும் இருந்து இளைஞர்கள் அந்த ஒரு பகுதிக்கு வந்து குவிந்தார்கள். அக்டோபர் 6 அன்று, அதே பகுதியில் சிலர் ‘ஹிப்பி செத்துப்போனான்’ என்று சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள். ஒன்பது மாதத்துக்குள் தொடக்கமும் உச்சமும் இறுதிச் சடங்கும் முடிந்துவிட்டன. பள்ளி ப்ராஜெக்டுக்கு இவ்வளவு கச்சிதமான காலக்கோடு அமைவது அபூர்வம்.

ஏன் அந்தத் தெருக்களில்? பெரும்பாலான கட்டுரைகள் இதைக் கேட்பதே இல்லை. வாடகை ஒரு முக்கியமான காரணம். ஹெய்ட்-ஆஷ்பரியில் பெரிய பெரிய பழைய விக்டோரியக் காலத்து வீடுகள் இருந்தன. பக்கத்தில் உள்ள பான்ஹாண்டில் பூங்காப் பட்டை வழியே விரைவுச்சாலை போடும் திட்டம் வெகுநாள் பேச்சில் இருந்தது. மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 1966-இல் நகர மன்றம் அதைக் கைவிட்டது. இடிபடலாம் என்று பேசப்படும் பகுதியில் வாடகை ஏறுமா? மாணவர்களும் ஓவியர்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை எடுக்க முடிந்தது. போருக்குப் பிந்தைய பிள்ளைப்பெருக்கத்தில் பிறந்த தலைமுறை, பெருகிக்கொண்டே போன கல்லூரிகள், வியட்நாம் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு ஆகிய காரணங்களை எல்லாப் பாடநூலும் சொல்லும். அவற்றோடு இந்த வாடகைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள், உங்கள் கட்டுரை தனியாகத் தெரியும்.

அடுத்து கேள்வி. எனக்குப் பிடித்தது இது: அத்தனை பேருக்கும் சோறு போட்டது யார்?

பதில், ‘டிக்கர்கள்’ என்ற குழு. சான்பிரான்சிஸ்கோ மைம் ட்ரூப் என்ற தெருநாடகக் குழுவிலிருந்து பிரிந்தவர்கள் 1966-இல் தொடங்கியது. 1649-இல் இங்கிலாந்தில் ஜெரார்ட் வின்ஸ்டன்லி தலைமையில் பொது நிலத்தைக் கொத்திப் பயிரிட்ட டிக்கர்களின் பெயரைத்தான் இவர்கள் வைத்துக்கொண்டார்கள். பான்ஹாண்டிலில் நாள்தோறும் மாலையில் இலவசச் சாப்பாடு. அங்கே ஆளுயரத்துக்கும் மேலான ஒரு மரச்சட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். அதன் வழியாக நடந்து போய்த்தான் கிண்ணத்தை நீட்ட வேண்டும். நாடகக்காரர்கள் இல்லையா, சோறு போடுவதிலும் ஒரு காட்சி வைத்தார்கள். அப்புறம் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும் ஒரு ‘கடை’யும் நடத்தினார்கள்.

இதில் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். டிக்கர்கள் என்றதும் வரும் பெயர்கள் எமெட் குரோகன், பீட்டர் பெர்க், பீட்டர் கொயோட். மூவரும் ஆண்கள். காய்கறிச் சந்தைக்குப் போய் மிச்சம் மீதியைக் கேட்டு வாங்கி வந்து, பெரிய பாத்திரங்களில் சமைத்ததில் பெரும்பங்கு பெண்களுடையது. பழைய ஒழுங்கையே வேண்டாம் என்றவர்களின் அடுப்படி மட்டும் ஏன் பழையபடியே இருந்தது? 2,000 சொற்களுக்கு இந்த ஒரு கேள்வியே போதும். ஆசிரியர் ‘அலசல் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதவும் வாய்ப்பில்லை.

சரி, முதன்மைச் சான்றுகள். மூன்று வகை இருக்கின்றன. மூன்றும் மூன்று விதமாகப் பேசும்.

முதல் வகை, வெளியிலிருந்து பார்த்தவர்கள். ‘டைம்’ வார இதழ் 1967 ஜூலையில் ஹிப்பிகளை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. சி.பி.எஸ். தொலைக்காட்சி அதே கோடையில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. இவை பெற்றோரின் தலைமுறைக்காகச் செய்யப்பட்டவை. படித்தாலே தெரியும்.

இரண்டாம் வகை, உள்ளேயிருந்து எழுதியவர்கள். ‘சான்பிரான்சிஸ்கோ ஆரக்கிள்’ என்ற வண்ணமயமான பத்திரிகை 1966 செப்டம்பர் முதல் 1968 பிப்ரவரி வரை மொத்தம் 12 இதழ்கள் வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தெருவை அது தெருவாகக் காட்டவில்லை, கனவாகக் காட்டியது. அதற்கு மாற்றாகத் துண்டுப் பிரசுரங்களைப் பாருங்கள். செஸ்டர் ஆண்டர்சனும் கிளாட் ஹேவர்டும் ‘கம்யூனிகேஷன் கம்பெனி’ என்ற பெயரில் கெஸ்டெட்னர் நகலெடுக்கும் இயந்திரம் வைத்து அன்றன்றைக்குத் தாள் அடித்துத் தெருவில் கொடுத்தார்கள். 1967 ஏப்ரலில் ஆண்டர்சன் எழுதிய ஒரு பிரசுரம், அந்தத் தெருக்களில் இளம் பெண்கள் மீது நடந்த பாலியல் வன்முறையைச் சொல்லி, கனவு விற்கும் சொந்தக் கூட்டத்தையே கடுமையாகச் சாடியது. கோடை தொடங்கும் முன்பே, அதுவும் உள்ளே இருந்தவர் எழுதியது என்பதைக் கவனியுங்கள். ‘ஹிப்பிகள் இப்படி நினைத்தார்கள்’ என்று ஒரே வரியில் எழுத இனி உங்களுக்குக் கை வராது. வரக் கூடாது.

மூன்றாம் வகை, பின்னாளில் சொன்ன நினைவுகள். 1967-இல் இருபது வயது என்றால் 1947-இல் பிறந்தவர். ஐம்பது ஆண்டு கழித்துச் சொல்லும்போது படித்ததும் பார்த்த படங்களும் நினைவோடு கலந்திருக்கும். அதற்காகத் தள்ளிவிட வேண்டாம். ‘பின்னாளைய நினைவு’ என்று குறித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் யார் செய்தார்கள் என்பது போன்ற விஷயங்கள் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

இவற்றில் கணிசமானவை இலவசமாகவே கிடைக்கின்றன. டிக்கர்களின் பிரசுரங்களைத் தொகுத்து வைத்த தனி இணைய ஆவணகம் உண்டு. பழைய இதழ்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ், படங்களுக்கு சான்பிரான்சிஸ்கோ பொது நூலகத்தின் வரலாற்றுப் பிரிவு. விக்கிபீடியாவைத் தொடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அடிக்குறிப்பு வரை கீழே இறங்கி, அங்கே சொல்லப்படும் மூலத்துக்குப் போய்விடுங்கள். செயற்கை நுண்ணறிவு அரட்டையில் கேட்டால் இல்லாத புத்தகத்துக்கும் பக்க எண் தரும். ஒவ்வொன்றையும் நீங்களே திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

ஒரு சான்றை எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன். அக்டோபர் 6 ஊர்வலத்துக்கு ஒரு இரங்கல் அட்டை அடித்தார்கள். அதில் ஹிப்பியை ‘வெகுஜன ஊடகத்தின் அன்பு மகன்’ என்று குறிப்பிட்டு, புயேனா விஸ்டா பூங்காவில் சூரிய உதயத்தின்போது தொடங்கும் சடங்குக்கு நண்பர்களை அழைத்திருந்தார்கள். நாளிதழில் வரும் காரியக் குறிப்பின் அதே நடை.

யார் அடித்தது? ஊர்வலம் டிக்கர்களும் அப்பகுதிக்காரர்களும் சேர்ந்து நடத்தியது. அதில் முன்னின்ற ரான் தெலின், ‘சைக்கடெலிக் ஷாப்’ என்ற தன் கடையையும் அப்போதே மூடினார். யாருக்காக? இறந்தவனின் ‘பெற்றோர்’ ஊடகம் என்றால் செய்தி ஊடகத்துக்குத்தான். எதை மறுக்கிறது? பத்திரிகைகள் கட்டி எழுப்பிய அந்த உருவத்தை. எதைச் சொல்லாமல் விடுகிறது? கோடையில் வந்து சேர்ந்த பிள்ளைகள் அன்றிரவு எங்கே படுத்தார்கள் என்பதை. இந்த நாலு கேள்வியை உங்கள் ஒவ்வொரு சான்றிடமும் கேட்டாலே கட்டுரையில் பாதி எழுதியாகிவிடும்.

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ இருக்கும் கலிபோர்னியா மாநிலத்தில் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் சட்டவிரோதமானது 1966 அக்டோபர் 6 அன்று. சரியாக ஓராண்டு. ‘வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். நடத்தியவர்களில் யாராவது அப்படிச் சொன்ன சான்று கையில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘தேதி ஒத்துப்போகிறது’ என்பதோடு நிறுத்துங்கள்.

போதை விஷயத்துக்கு வருகிறேன். விட முடியாது. விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். ஆனால் எந்த வாசல் வழியாக நுழைவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. 1967 ஜூன் 7 அன்று கிளேட்டன் தெருவில் டேவிட் ஸ்மித் என்ற இளம் மருத்துவர் ஓர் இலவச மருத்துவமனை திறந்தார். போதை மிஞ்சி நிலைதடுமாறி வந்தவர்கள், பால்வினை நோய், மற்ற தொற்றுகள் என்று எல்லோரையும் போலீஸ் பயம் இல்லாமல், பணம் கேட்காமல் பார்த்தார்கள். மருத்துவம் உரிமை, சலுகை அல்ல என்பது அவர்களின் முழக்கம். அந்த மருத்துவமனை சந்தித்த பிரச்சினைகள் வழியாக எழுதினால் புகழ்ச்சியும் இருக்காது, பிரசங்கமும் இருக்காது. வீட்டில் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். தயக்கம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தியத் தொடர்பைச் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஆசை நியாயமானது. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவின் தொடக்க நாளில் மேடையேறி அருளுரை வழங்கிய சுவாமி சச்சிதானந்தா, கோவை அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். வகுப்பில் சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். சிதார் கலைஞர் ரவிசங்கர் 1967-இல் மான்டெரி இசை விழாவிலும் பிறகு வுட்ஸ்டாக்கிலும் வாசித்தார், போதையோடு தன் இசையைக் கேட்பதை வெளிப்படையாகக் கண்டித்தும் பேசினார். இருந்தாலும் உங்கள் கேள்வி 1967-இன் சோற்றுப் பானையைப் பற்றியது என்றால் இது ஒரு பத்தியைத் தாண்டக் கூடாது. ‘எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்’ என்ற வாக்கியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

படங்களில் எச்சரிக்கையாக இருங்கள். சேற்றில் ஆடும் கூட்டத்தின் படத்தைப் போட்டு ‘சான்பிரான்சிஸ்கோ, 1967’ என்று எழுதியிருப்பார்கள். அது பெரும்பாலும் வுட்ஸ்டாக்காக இருக்கும். இரண்டு ஆண்டு பிந்தையது, நாட்டின் மறுகோடியில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால்பண்ணையில் நடந்தது. எடுத்தவர், இடம், தேதி மூன்றும் தெரியாத படத்தை விட்டுவிடுங்கள். எண்ணிக்கையிலும் அப்படித்தான். அந்தக் கோடையில் ஒரு லட்சம் பேர் வந்தார்கள் என்பது மதிப்பீடு, யாரும் தலை எண்ணவில்லை. ‘சுமார்’ போடுங்கள், யார் சொன்ன எண் என்றும் போடுங்கள்.

பத்து நிமிடப் பேச்சில் முழுக் கட்டுரையையும் அடைக்கப் பார்க்காதீர்கள். அந்த இரங்கல் அட்டையைத் திரையில் போட்டு, யார் செத்தது என்று வகுப்பைக் கேளுங்கள். மூன்று நிமிடம் அதற்கே போகும், போகட்டும். மீதியில் டிக்கர்களின் சாப்பாடு, சமைத்தவர்கள் யார், மருத்துவமனை, அவ்வளவுதான். கேள்வி நேரத்தில் யாராவது வுட்ஸ்டாக்கை இழுப்பார்கள். அதற்கு ஒரு ஸ்லைடைத் தனியாகத் தயாரித்துக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் மட்டும் காட்டுங்கள்.