தோளில் எடுத்த இ.எம்.ஜி: கை எந்த நிலையில் இருந்தது?

கேள்வி: மூன்று மாதமாக வலது தோளில் வலி. ஓர் இடத்தில் தோளில் பட்டைகளை ஒட்டி இ.எம்.ஜி (தசையில் எழும் மின்சாரத்தைக் கோடாகக் காட்டும் சோதனை) எடுத்தார்கள். கையைத் தொங்கவிட்டபோது கோடு ஏறக்குறைய தட்டை, தோள் மட்டத்துக்குத் தூக்கியதும் எகிறியது. 'தசை சமநிலை போய்விட்டது, 20 சிட்டிங் வாருங்கள்' என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: அந்தக் கோட்டுக்காகப் பயப்பட வேண்டாம். தொங்கும் கைக்கு டெல்டாய்டு, அதாவது தோளை மூடியிருக்கும் தசை, பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. அதே கை பக்கவாட்டில் 90 டிகிரிக்கு வந்தால் அதன் எடை மூட்டிலிருந்து தள்ளிப் போய்விடுகிறது, போதாததற்குத் தசையும் குறுகிவிடுகிறது, குறுகிய தசை அதே பலத்தைக் கொடுக்க இன்னும் நிறைய இழைகளை வேலைக்கு இழுக்க வேண்டும். கோடு எகிறாமல் இருந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

இன்னொன்று. இடது கை விரலை வலது தோள் சதை மேல் லேசாக வைத்துக்கொண்டு வலது கையைத் தூக்கிப் பாருங்கள், விரலுக்கு அடியில் சதை திரண்டு நழுவும். பட்டை ஒட்டியிருப்பது தோலில், தசையில் அல்ல. கோணம் மாறினால் அது பார்க்கும் இடமே மாறிவிடுகிறது. அதனால் ஒரே கோணத்தில், முழு பலத்தோடு தள்ளச் சொல்லி எடுத்த அளவோடு ஒப்பிடாமல் ரிப்போர்ட்டில் போடும் சதவீதம் எதற்கும் உதவாது. சுப்ராஸ்பைனேட்டஸ் என்று ரிப்போர்ட்டில் தனி வரி இருக்கிறதா? கையைத் தூக்க உதவும் அந்தச் சிறு தசை, கழுத்திலிருந்து தோள்வரை பரவியிருக்கும் ட்ரபீசியஸ் தசைக்கு அடியில் கிடக்கிறது, மேலே ஒட்டும் பட்டைக்குப் பெரும்பாலும் எட்டாது.

கருவி விற்கிறவரே அரை நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார், மென்பொருள் சிவப்பு, பச்சை அடித்துத் தரும், சிவப்பைக் காட்டி பேக்கேஜ் விற்பார்கள். இதைத் தட்டிக்கேட்க ஆள் இல்லை, எங்கள் துறை ஆட்களே கேட்பதில்லை.

சரி, ஒரு விதிவிலக்கு. தோள்பட்டை எலும்பு முதுகில் இறக்கை மாதிரி துருத்துகிறதா, அந்த எலும்பின் மேலோ கீழோ சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறதா, கை தூக்கவே வரவில்லையா? அப்படியென்றால் நரம்பு மருத்துவரிடம் ஊசி இ.எம்.ஜி. தசைக்குள் ஊசி செருகி எடுக்கும் அது வேறு சோதனை, பட்டை ஒட்டுவதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நரம்பு அடிபட்ட 2, 3 வாரத்துக்குள் எடுத்தால் ஒன்றும் இல்லை என்று வரக்கூடும், அதை நம்பி வீட்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதால் அந்தச் சிக்கல் இல்லை. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் கிழிசலைத் தேட ஸ்கேன்தான் வேண்டும்.

அந்த இடத்துக்கே திரும்பப் போனால், இரண்டு தோளையும் ஒரே கோணத்தில் எடுத்து, அந்தக் கோணத்தை ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.