தண்ணீர் மாதிரி ஒரு ஒயின்

அன்புள்ள ஐயா,

பிரான்சிலிருந்து வந்த நண்பர் ஃப்ளூரி என்ற சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் கொடுத்தார். சிவப்பு ஒயின் என்றால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். இது தண்ணீர் மாதிரி இருந்தது, சீக்கிரமே தீர்ந்துவிட்டது. மட்டமான ஒயினா? மீனோடு சிவப்பு கூடாது என்கிறார்களே, இதற்கு எதைச் சாப்பிடுவது? எந்தக் கிளாஸில் ஊற்ற வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

தண்ணீர் மாதிரி என்று எழுதிவிட்டு அதே மூச்சில் சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்கிறீர்கள். பிடிக்காததை யாரும் அப்படிக் குடிப்பதில்லை. உங்கள் நாக்கு சரியாகச் சொன்னதை, எங்கோ கேட்ட விதியை வைத்து நீங்களே தள்ளிவிட்டீர்கள், அதுதான் எனக்குக் கோபம். கனமாக இருப்பதுதான் உயர்ந்தது என்ற இந்த நினைப்பைப் பற்றிச் சில நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

மட்டம் இல்லை. பிரான்சின் போஜொலே வட்டாரத்தில் உயர்தர ஒயினுக்குப் பெயர்போன, 'க்ரூ' எனப்படும் பத்துப் பகுதிகளில் ஃப்ளூரியும் ஒன்று. கிளாஸ் எதுவாக இருந்தாலும் சரி, அதை விடுங்கள்.

அந்த ஒயினின் திராட்சை கமே. 1395இல் பிரான்சின் பர்கண்டி பகுதியை ஆண்ட கோமகன் பிலிப் இந்தக் கொடியை விசுவாசமற்றது என்று திட்டி, வெட்டி எறியச் சொல்லி ஆணையே போட்டார், அவருக்கு பினோ நுவார் என்ற திராட்சைதான் வேண்டும். கமே தெற்கே போஜொலேயின் கருங்கல் சரிவுகளில் செழித்தது. அங்கே பழத்தை நசுக்காமல் கொத்துக் கொத்தாகத் தொட்டியில் போடுவது பழைய வழக்கம். கரியமில வாயு சூழ்ந்திருக்க, நொதித்தல் முழுப் பழத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். தோலின் நிறம் சாற்றில் இறங்கும், துவர்ப்பு அவ்வளவாக இறங்காது. நீங்கள் தேடிய இழுப்பு இல்லாததற்கு அதுதான் காரணம். ஆனால் புளிப்பு இருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா?

மீனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். துவர்ப்பு மிகுந்த ஒயினோடுதான் மீன் இரும்பு வாடை அடிக்கும் என்பார்கள். இதை வாட்டிய சால்மனோடு தாராளமாகக் குடிக்கலாம். காரமும் அப்படித்தான், துவர்ப்பும் ஆல்கஹாலும் கூடினால் எரிச்சலும் கூடும், இதில் அந்தத் தொல்லை குறைவு. வறுத்த கோழி, காளான், எதுவானாலும் ஒத்துப்போகும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் முக்கியம். என்ன சூட்டில் குடித்தீர்கள்? அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றியிருப்பீர்கள். 'அறை வெப்பநிலை' என்று சொல்லிவைத்தவர்களின் அறை, ஹீட்டர் இல்லாத பழைய கல்வீட்டு அறை! 28 டிகிரியில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், புளிப்பு சோர்ந்துவிடும். 13 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம் போதும். தயவுசெய்து இதைச் செய்யாமல் இனி ஒரு லேசான சிவப்பு ஒயினையும் குறை சொல்லாதீர்கள்.

பல வருஷத்துக்கு முன், போஜொலேக்குப் பக்கத்து நகரமான லியோனில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. அடிப்பாகம் தடித்த 46 சென்டிலிட்டர் பாட்டிலை, அங்கே 'போ' என்பார்கள், மேலெல்லாம் நீர் முத்து முத்தாகக் கோத்திருக்க, கடைக்கார அம்மாள் கொண்டுவந்து வைத்தார். சிவப்பைக் குளிரவைக்கக் கூடாதே என்றேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அடுப்புப் பக்கம் இருந்த அதே ஒயினில் ஒரு கிளாஸ் ஊற்றிவந்து பக்கத்தில் வைத்தார். அதில் சாராய நெடிதான் வந்தது. அப்புறம் ஆவி பறக்கும் சோசேஜ் ஒரு துண்டு தின்று, உதட்டில் கொழுப்பு ஒட்டியிருக்கும்போதே குளிர்ந்ததைக் குடித்தேன். அப்போதுதான் பறித்த ராஸ்பெர்ரியின் வாசனை. வாய் சுத்தமாகி உடனே அடுத்த துண்டைக் கேட்டது. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சூடான கிளாஸை எடுத்துப்போய், மிச்சத்தை அடுப்பிலிருந்த கறிச்சட்டியில் ஊற்றிவிட்டார்.