வாகனப் பட்டறை – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1980களில் வாங்கிய அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல் கார் உள்ளது. என்ஜினைப் பிரித்த மெக்கானிக், கேமின்மேல் அமர்ந்து வால்வைத் திறக்க உதவும் எட்டு டேப்பட்டுகளையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவிவிட்டார். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோருக்கும் புதுப் பிஸ்டன்களுக்கும் ஏற்கெனவே பெருந்தொகை செலவாகிவிட்டதால், வால்வு தொடர்பான பழைய பாகங்களையே திரும்பப் பொருத்தலாம் என்றும், தேய்ந்த டேப்பட்டுகளுக்கு மட்டும் சென்னை புதுப்பேட்டையில் பழையது வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். இது சரியா? (காரைக்குடி வாசகர்)

பதில்: உங்கள் காரிலுள்ள 1489 சிசி என்ஜின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. கேம் ஷாஃப்ட் (முட்டை வடிவ கேம் முனைகள் கொண்ட சுழல்தண்டு) பிளாக்கின் பக்கவாட்டில் இருக்க, டேப்பட், புஷ் ராடு என்ற தள்ளுகோல், ராக்கர் என்ற நெம்புகோல் வழியாக வால்வு திறக்கும் அமைப்பு அது. இவற்றில் புஷ் ராடையும் ராக்கரையும் சோதித்துப் பார்த்துத் தாராளமாகத் திரும்பப் பயன்படுத்தலாம். டேப்பட் விஷயத்தில்தான் உங்கள் மெக்கானிக்கின் யோசனையை ஏற்க முடியவில்லை.

இவ்வகை என்ஜின்களில் டேப்பட்டின் அடிமுகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும். கேமின் முனையும் அதன் நடுவில் படாமல் சற்று விலகியே படும். இதனால் டேப்பட் ஒவ்வொரு முறை உயரும்போதும் சிறிது சுழல்கிறது; தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் முகம் முழுவதும் பரவுகிறது. ஆண்டுக்கணக்கில் ஓடியபின், ஒவ்வொரு டேப்பட்டும் தனக்குரிய கேம் முனையின் வடிவத்துக்கே படிந்துவிடும். அதை வேறொரு முனைமேல் வைத்தால் சுழற்சி நின்று, இரண்டு முகங்களும் ஒன்றையொன்று அரிக்கத் தொடங்கும். உதிரும் இரும்புத்தூள் ஆயிலில் கலந்து, நீங்கள் புதிதாகப் போட்ட பேரிங்குகளையும் கெடுக்கும். எது எந்த முனைக்குரியது என்று இனித் தெரியாததால், புதுப்பேட்டையில் வாங்கும் பழைய டேப்பட்டுக்கும், தட்டில் கலந்துபோன உங்கள் டேப்பட்டுகளுக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடே இல்லை.

பழைய கேம் நல்ல நிலையில் இருந்தால் அதன்மேல் எட்டும் புதிய டேப்பட்டுகளாகப் போடலாம். ஆனால் புதிய கேமின்மேல் பழைய டேப்பட்டுகளை ஒருபோதும் போடக்கூடாது. கேமின் நிலையை அறிய, எட்டு முனைகளின் உயரத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து, இன்லெட் (கலவை உள்ளே வரும்) வால்வுகளுக்குரிய நான்கையும் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுகளுக்குரிய நான்கையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தாலோ, முனையில் புள்ளிப்புள்ளியாகக் குழி விழுந்திருந்தாலோ அந்தக் கேமை ஒதுக்கிவிட வேண்டியதுதான். டேப்பட்டின் முகத்தை லேத் பட்டறையில் மட்டமாகத் தேய்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் குவிவும் போய்விடும், கடினமாக்கப்பட்ட மேற்பரப்பும் மெலிந்துவிடும்.

புஷ் ராடுகளை ஒரு கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்த்தால் வளைந்தது துள்ளிக் காட்டிக்கொடுக்கும். வால்வு ஸ்பிரிங்குகளை வரிசையாக நிற்கவைத்து, குட்டையானதையும் சாய்ந்து நிற்பதையும் விலக்குங்கள். எட்டையும் புதிதாகப் போடுவதற்கு அதிகச் செலவாகாது. எக்ஸாஸ்ட் வால்வுகளைப் பழையதாகப் போடுவதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் பல ஆண்டு வெப்பத்தில் களைத்த உலோகத்தின் நிலையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. என்ஜினின் மேல்பகுதியான இந்த ஹெட்டில், வால்வு மூடும்போது அமரும் சீட்டுகள் வார்ப்பிரும்பிலேயே நேரடியாக வெட்டப்பட்டவை. 2000ஆம் ஆண்டில் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டபின், சீட்டுக்கு ஈயம் தந்துவந்த பாதுகாப்பும் போய்விட்டது. எக்ஸாஸ்ட் சீட்டு உள்ளிறங்கியிருந்தால், ஹெட் கழன்றிருக்கும் இப்போதே கடினச் சீட்டு வளையங்களைப் பதித்துவிடுங்கள்.

கேள்வி: ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து டேப்பட் இடைவெளியை, அதாவது ராக்கர் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையிலுள்ளதை, சரியாக அமைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லையே, ஏன்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ராக்கரின் நுனி வால்வுத் தண்டின்மேல் உரசி உரசிச் சிறு பள்ளம் விழுந்திருக்கும். தட்டையான கேஜ் அந்தப் பள்ளத்தைத் தாண்டி இரு விளிம்புகளிலும் உட்கார்ந்துகொள்வதால், உண்மையான இடைவெளி நீங்கள் வைத்ததைவிட அதிகமாகவே இருக்கிறது. நுனியை அதன் வளைவு கெடாமல் சாணை பிடிக்கலாம். பள்ளம் ஆழமானால் ராக்கரை மாற்றவேண்டும். ராக்கர் ஷாஃப்டையும் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ராக்கரை மேல்நோக்கித் தள்ளும் விசை முழுவதையும் அடிப்பக்கமே தாங்குவதால், படி போன்ற தேய்மானம் அங்கேதான் தென்படும்.

கேள்வி: அம்பாசடர் பெட்ரோல் என்ஜினில் புதிய கேமும் டேப்பட்டும் போட்டபின் முதல் ஓட்டம் எப்படி இருக்கவேண்டும்? (ஈரோடு வாசகர்)

பதில்: பொருத்தும்போதே கேம் முனைகளிலும் டேப்பட் முகங்களிலும் மாலிப்டினம் பசையைத் தடவுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுழற்சியில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். வேகம் குறைந்தால் கேமின்மேல் தெறிக்கும் ஆயிலும் குறைந்துவிடும். துத்தநாகக் கூட்டுப்பொருள் மிகுந்த, பழைய என்ஜின்களுக்கு ஏற்ற ஆயிலையே ஊற்றுங்கள். பின்னர் இடைவெளியைச் சரிபார்க்கையில், ‘ஒன்பது’ கணக்கு எளிது: எட்டாம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும் அமைக்கவேண்டும், இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.