புது பேஸ்மென்டில் தண்ணீர்: பூசி மறைக்க விடாதீர்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் கட்டி முடித்த எங்கள் புது வீட்டின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில், சுவரும் தரையும் சேரும் மூலையில் மழைக்குப் பிறகு தண்ணீர் கசிகிறது. உள்ளே இரண்டு கோட் வோட்டர்புரூஃப் அடித்தால் போதும், மிச்சக் காசைத் தாருங்கள் என்கிறார் கொந்தராத்துக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கோட் அடிக்கவும் இப்போது விட வேண்டாம்.

தரைக் கொங்கிரீட் ஒரு நாள், சுவர் இன்னொரு நாள் போடப்படுகிறது. இரண்டும் சேரும் பொருத்தில் தண்ணீரைத் தடுக்கும் வோட்டர் ஸ்டொப் பட்டி வைக்காமல் விட்டாலோ, வைத்த பட்டி மடிந்துபோனாலோ, கொங்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் அடிவரை எட்டாமல் கல் மட்டும் தேன்கூடு மாதிரி நின்றாலோ அங்கேதான் தண்ணீர் வழி தேடும். வெளியே நிலத்தடி நீர் பேஸ்மென்ட் தரையைவிட 2 மீற்றர் உயர நின்றால், சுவரின் அடியில் சதுர மீற்றருக்குச் சுமார் 2 தொன் அழுத்தம். உட்புறப் பூச்சை அது பின்னாலிருந்து தள்ளும். முதலில் பெயின்ட் கொப்பளிக்கும், பிறகு பூச்சு தகடு தகடாகக் கழன்று விழும்.

முதலில் குழாய்க் கசிவா என்று பாருங்கள். இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டித் தண்ணீர் மீற்றரின் எண்ணைக் குறித்து, காலையில் மீண்டும் பாருங்கள்; எண் கூடியிருந்தால் குழாயில் கசிவு. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியில் முடிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

நிலத்தடி நீர்தான் என்றால் பொலியூரிதேன் இன்ஜெக்ஷன் செய்ய வேண்டும், அதாவது துளையிட்டுப் பொலியூரிதேன் ரெசினை (பிசின் போன்ற திரவத்தை) பொருத்துக்குள் பம்ப் செய்ய வேண்டும். 200 மில்லிமீற்றர் சுவரென்றால், பொருத்துக்கு 100 மில்லிமீற்றர் மேலே 45 பாகைச் சரிவில் துளையிட்டால் சுவரின் நடுவில் பொருத்தைத் தொடலாம். துளைகளுக்கிடையே 150 முதல் 200 மில்லிமீற்றர். கம்பி தட்டினால் துளையை நகர்த்த வேண்டும், கம்பியை வெட்ட விடாதீர்கள். ஒரு முனையில் தொடங்கி, அடுத்த துளையில் ரெசின் எட்டிப் பார்க்கும்வரை பம்ப் செய்வார்கள். தண்ணீர் பட்டு நுரைக்கும் ரெசின் ஓட்டத்தை நிறுத்தும், ஆனால் அதோடு விட்டால் மீண்டும் கசியலாம். பின்னால் நுரைக்காத, இழுபடும் ரெசினும் ஏற்ற வேண்டும். கொட்டேஷனில் இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான எபொக்சி ரெசின் ஈரத்தில் சரியாக ஒட்டாது.

பணம் பற்றி: குறைதிருத்தக் காலம் பெரும்பாலும் 12 மாதம். அது முடியும்வரை பிடித்துவைக்கும் தொகை, பெரும்பாலும் 5 வீதம், உங்கள் கையிலேயே இருக்கட்டும். கசிவைத் திகதியிட்ட படங்களுடன் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் கேளுங்கள்.

கேள்வி: தெஹிவளை வீட்டுப் பேஸ்மென்டில் சுவர் முழுக்க ஈரம், ஒழுக்கு எங்கும் தெரியவில்லை. இதற்கும் இன்ஜெக்ஷனா?

பதில்: அவசரப்படாதீர்கள். அரை மீற்றர் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த உட்பக்கம் நனைந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அது காற்றின் ஈரம். எக்ஸோஸ்ட் ஃபேன் போதும்.