35 வாரக் கர்ப்பம், ரத்த அழுத்தம் 150/100, தலைவலி: வியாழன் வரை காத்திருக்கலாமா?

வேண்டாம், இன்றிரவே உங்கள் மனைவியை அழைத்துச் செல்லுங்கள். மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண்ணில் மின்னுகிற வெளிச்சம், 150/100 ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்திருக்கும்போது வியாழக்கிழமைப் பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. கால் வீக்கம் கர்ப்பிணிகள் பலருக்கும் வருவதுதான் என்று உங்கள் மாமியார் சொல்வது சரி. ஆனால் இங்கே கவலை வீக்கம் அல்ல.

பெரும்பாலும் இது ப்ரீ-எக்ளாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் உயர்ந்து உடல் உறுப்புகளைப் பாதிக்கும் நோய். விட்டுவிட்டால் வலிப்பு வரலாம். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தால் தாய், குழந்தை இருவருக்கும் ஆபத்து.

வலது விலாவின் கீழே வலிக்கிறதா, குழந்தையின் அசைவு குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் கிளம்புங்கள். போனதும் அதை முதலில் சொல்லுங்கள்.

இரவிலும் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையாக இருக்கட்டும். வண்டி இல்லையென்றால் 108. தேவைப்பட்டால் வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் கொடுப்பார்கள். நோய்க்குத் தீர்வு பிரசவம்தான். 35 வாரத்தில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுகின்றன; இதை மனைவியிடம் அவசியம் சொல்லுங்கள்.

சிறுநீரில் புரதம் இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள், புரதம் இல்லாமலும் இந்நோய் வரும். ரத்தத் தட்டணுக்கள், கல்லீரல் பரிசோதனையும் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின்னும் 6 வாரம் வரை ஆபத்து உண்டு.