சதுர அடி விலையில் தெரியாதவை: யன்னல், கதவு, கண்ணாடி அறை பற்றிய கேள்வி-பதில்

கேள்வி (வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்): பழைய மர யன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினியம் போட மூன்று இடங்களில் விலை கேட்டோம். ஒருவர் சொன்னதைவிட இன்னொருவர் சொன்னது ஏறக்குறைய இரட்டிப்பு. மூவரும் 'நல்ல சாமான்' என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: மூவரும் ஒரே யன்னலுக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். முதலில் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். 4 அடி 2 அங்குலம் அகலமும் 5 அடி 1 அங்குலம் உயரமும் உள்ள யன்னல் உண்மையில் சுமார் 21.2 சதுர அடி. அதையே ஒவ்வொரு பக்கமும் அடுத்த அரை அடிக்கு உயர்த்தினால் 4.5 × 5.5, அதாவது 24.75 சதுர அடி. விலையைத் தொடாமலே பில் 17 சதவீதம் ஏறிவிடுகிறது. குறைந்த விலை சொல்பவரிடம்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.

அடுத்து, விலைமனுவில் இவை எழுத்தில் இருக்கட்டும்: அலுமினியத்தின் சுவர்த் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர், கண்ணாடி 5 மி.மீ.யா 6 மி.மீ.யா, சாதாரணமா டெம்பர்டா (சூடேற்றி வலுவாக்கியதா), நுளம்பு வலை சேர்த்தா, பழைய நிலையைக் கழற்றி அப்புறப்படுத்துவதும் சுவர் பூசுவதும் யார் பொறுப்பு, வற் வரி சேர்ந்ததா. இப்போதைய வற் 18 சதவீதம்; பதிவு செய்த நிறுவனம்தான் அதை அறவிடலாம், பில்லில் வற் இலக்கம் இருக்க வேண்டும். இலக்கமில்லாமல் வற் கேட்டால் கொடுக்காதீர்கள். டெம்பர்ட் கண்ணாடிக்கு ஒரு மூலையில் அழியாத முத்திரை இருப்பது வழக்கம். அதைச் சூடேற்றிய பின் வெட்டவோ துளைக்கவோ முடியாது. எனவே அளவு பிழைத்தால் புதுக் கண்ணாடிதான்.

கடற்கரையில் யன்னலைக் கெடுப்பது பெரும்பாலும் திருகாணி. துத்தநாகம் பூசிய இரும்புத் திருகாணியை அலுமினியத்தில் ஏற்றினால், உப்புக் காற்றின் ஈரத்தில் முதலில் துத்தநாகப் பூச்சு அரிபடத் தொடங்கும். பூச்சு போனதும் திருகாணி துருப்பிடித்து ஒழுகும், அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளைத் தூளாகும். 316 தரத்துத் துருப்பிடிக்காத உருக்கு என்று எழுதி வாங்குங்கள். கையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருந்தால் இறுக ஒட்டும் திருகாணியை அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் 304 என்ற இன்னொரு துருப்பிடிக்காத தரத்தையும் 316ஐயும் காந்தம் பிரித்துக் காட்டாது. அதற்குப் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். அலுமினியத்தின் மேலுள்ள பவுடர் கோட்டிங் (தூள் பூச்சு) 60 முதல் 80 மைக்ரோன் தடிப்பு இருக்கட்டும். வெட்டிய முனைகளில் பூச்சு இல்லாததால் உப்பு அங்கிருந்துதான் உள்ளே புகுந்து, பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் கொப்புளம் எழுப்பும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவதே இதற்கு மருந்து. செலவில்லாத இந்த வேலையை யாரும் செய்வதில்லை.

யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் உள்ளே செருகும் உருக்குச் சட்டமும் பூட்டும் ரோலரும் உலோகம்தான். அவற்றின் தரத்தைக் கேட்காமல் வாங்கினால், சட்டம் வெள்ளையாக நிற்கும், கதவு நகராது.

கேள்வி (கொட்டாஞ்சேனை): புதிதாகப் போட்ட நகரும் யன்னலில் காற்றோடு மழை வந்தால் தண்ணீர் உள்ளே கொட்டுகிறது. பாஸ் வந்து இரண்டு தரம் சிலிக்கோன் அடித்துவிட்டுப் போனார். நிற்கவில்லை.

பதில்: அந்தச் சிலிக்கோன்தான் இப்போது காரணமாக இருக்கலாம். நகரும் யன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் தண்ணீர் விழுவது இயல்பு. அது வெளியே போக வெளிப்பக்கம் சிறு வடிதுளைகள் வெட்டியிருக்க வேண்டும். அவற்றின்மேல் சிலிக்கோன் பூசினால் தண்டவாளம் தொட்டியாகிவிடும். ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் வெளியே வடிய வேண்டும். வடியாவிட்டால் துளை அடைத்திருக்கிறது, அல்லது வெட்டவே இல்லை.

துளை சரியாக இருந்தும் தண்ணீர் வந்தால் தண்டவாளத்தின் உள்விளிம்பை அளந்து பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று யன்னலில் மோதும்போது ஏற்படும் அழுத்தம் ஏறத்தாழ 17 மி.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும். உள்விளிம்பு அதைவிடக் குட்டையாக இருந்தால், காற்று அடிக்கும் நேரம் முழுக்கத் தண்ணீர் வெளியேறாமல் உள்பக்கம்தான் வழியும். அதை எந்தப் பசையாலும் திருத்த முடியாது. சட்டத்தை மாற்றத்தான் வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடல் பக்கமிருந்து அடிக்கிறது. அந்த முகத்துக்கு நகரும் யன்னலை நாம் சிபாரிசு செய்வதில்லை. மேலே பிணைச்சல் வைத்து வெளிப்பக்கம் தள்ளித் திறக்கும் யன்னல் என்றால், தூறலில் கொஞ்சம் திறந்தும் வைக்கலாம்.

மூன்றாவது இடம் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி. சிலிக்கோன் காயும்போது வினாகிரி மணம் அடித்தால் அது சீமெந்துக்கு ஏற்ற வகை அல்ல. சில மாதங்களில் சுவரிலிருந்து உரிந்துவிடும். 'நியூட்ரல்' என்று குழாயில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பழையதை முழுவதும் சுரண்டி எடுக்காமல் மேலே பூசுவது வீண்வேலை. யன்னலின் வெளித்திட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். உள்பக்கம் சரிந்திருந்தால் அது மேசன் வேலை, அலுமினியக்காரரைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி (தெஹிவளை): லண்டனில் இருக்கும் அண்ணா தன் வீட்டுக் கன்சர்வேட்டரியைப் படம் எடுத்து அனுப்பி, எங்கள் மொட்டைமாடியிலும் அப்படி ஒரு கண்ணாடி அறை கட்டச் சொல்கிறார். பணமும் அவரே தருகிறாராம். செய்யலாமா?

பதில்: அண்ணாவின் அறை வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கட்டியது. குளிர் ஊருக்கு அது வரம். கொழும்பில் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது. மற்ற நாட்களிலும் அதிகம் விலகுவதில்லை. வெறும் 6 மி.மீ. தெளிந்த கண்ணாடி, விழும் வெயில் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். இரட்டைக் கண்ணாடி போட்டாலும் அது சற்றுத்தான் குறையும். ஏசி போடாமல் பகலில் அந்த அறையில் இருக்க முடியாது.

ஆகவே கூரையைக் கண்ணாடியில் போட வேண்டாம். வெப்பத் தடுப்பு வைத்த சாதாரணக் கூரை, குறைந்தது இரண்டடி நீட்டிய தாழ்வாரம், வடக்கிலும் தெற்கிலும் கண்ணாடி, மேற்கில் சுவர் அல்லது மரச்சட்டத் தடுப்பு, எதிரெதிரே முழுவதும் திறக்கும் யன்னல்கள்: இது கொழும்புக்கு ஏற்ற கண்ணாடி அறை. வெளிச்சம் கட்டாயம் மேலிருந்தே வேண்டுமென்றால் சிறு பகுதிக்கு மட்டும் பொலிகார்பனேட் என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு போடலாம். ஆனால் அது கெடுவது பெரும்பாலும் பொருத்தும் விதத்தால். 3 மீற்றர் தகடு 40 பாகை சூட்டு வித்தியாசத்தில் ஏறக்குறைய 8 மி.மீ. நீளும். திருகாணித் துளையைத் திருகாணி அளவுக்கே போட்டால் தகடு நீள இடமில்லாமல் வெடிக்கும் அல்லது அலைபோல் நெளியும். புறஊதாக் காப்பு உள்ள பக்கம் மேலே வரவேண்டும். ஒட்டிய தாளில் எழுதியிருக்கும், தாளை முன்கூட்டியே உரித்தால் தெரியாது. சரிவு மீற்றருக்கு 9 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. தலைக்கு மேல் கண்ணாடிதான் என்று பிடிவாதமானால் லமினேட்டட் மட்டுமே: உடைந்தாலும் நடுவிலுள்ள படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மொட்டைமாடியை மூடுவது புதுக் கட்டட வேலை. முன்பணம் கொடுக்குமுன் உங்கள் மாநகர சபையில் அனுமதி பற்றிக் கேளுங்கள். தொடர்மாடியில் பல்கனியை மூடுவதென்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் எழுத்து மூல சம்மதமும் வேண்டும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): மழைக் காலத்தில் முன்கதவு இறுகுகிறது. சீவிவிடலாமா?

பதில்: வெயில் நாள் வரை பொறுங்கள், இப்போது சீவினால் பிறகு வெளிச்சம் தெரியும் இடைவெளி வரும். கதவைக் கழற்றி மேல் முனையையும் கீழ் முனையையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கே வார்னிஷ் பட்டிருக்காது; ஈரம் குடிப்பது அந்த வழியில்தான். காய்ந்ததும் இரண்டு கோட் பூசி மாட்டுங்கள்.

கேள்வி (வத்தளை): யன்னல்களுக்கு 50 சதவீதம் முன்பணம் கொடுத்தோம். சொன்ன தேதி கடந்துவிட்டது, தொலைபேசியும் எடுப்பதில்லை.

பதில்: இன்றே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: என்ன ஓடர் செய்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தத் தேதிக்குள் பொருத்த வேண்டும் அல்லது பணம் திரும்ப வேண்டும். நகலையும் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்து மூலம் முறையிடலாம், தமிழிலேயே எழுதலாம். தகவலுக்கு 1977ஐ அழையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாட்டுக்கு மூன்று மாத எல்லை உண்டு. 'அடுத்த கிழமை, அடுத்த கிழமை' என்று இழுப்பவர்களால் கழிவது இந்த மூன்று மாதம்தான். பணம் கொடுத்த தேதியிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.

அடுத்த முறை பாதிப் பணத்தை முதலில் கொடுக்காதீர்கள். அளவெடுத்து உறுதியானதும் ஒரு பங்கு, சட்டங்கள் வீட்டுக்கு வந்திறங்கியதும் ஒரு பங்கு, பொருத்தியதும் பெரும்பகுதி. பத்து சதவீதத்தையாவது முதல் கனமழை பெய்து முடியும்வரை கையில் வைத்திருக்கலாம் என்பதை விலைமனுவிலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.