ஆறு மாதத்தில் ஊற்றை அளக்க முடியுமா? மலை ஆய்வு குறித்த கேள்வி பதில்

நீலகிரியிலும் பழனி மலையிலும் பட்ட ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்களும், அந்த ஆய்வுகளுக்கு உட்படும் ஊர்க்காரர் ஒருவரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். உதகையில் பல ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் நான். மருத்துவம், கல்வி சார்ந்த கேள்விகளுக்கு, ஆய்வு நெறிமுறைக் குழுவில் பணியாற்றிய அனுபவத்திலிருந்து விடை கூறுகிறேன்.

கேள்வி (சுற்றுச்சூழல் அறிவியல் முதுநிலை மாணவி, கோத்தகிரி): ஐயா, கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) எங்கள் ஊர் ஊற்றுகளை வற்றச் செய்துவிட்டன என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆறு மாத ஆய்வில் இதை நிரூபிக்க முடியுமா?

பதில்: முடியாது, அம்மா. ஆனால் பெரியவர்கள் சொல்வதைப் புறந்தள்ளவும் கூடாது. கற்பூர மரத்தைப் பொறுத்தவரை இதற்கு நம் மலையிலேயே விடை தேடியிருக்கிறார்கள். உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் கிளென்மார்கனில் அருகருகே அமைந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டின் நீர்வரத்தையும் முதலில் சில ஆண்டுகள் எவ்வித மாற்றமும் செய்யாமல் அளந்தார்கள். பிறகு ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றொன்றின் புல்வெளியில் 1972-ல் கற்பூர மரங்களை நட்டார்கள். நட்டதிலிருந்து வெட்டும் வரையிலான முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரங்கள் மீண்டும் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய 25 சதவீதம் குறைந்தது. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால் துளிர்கள் தொடக்கத்திலிருந்தே கூடுதல் நீரை எடுத்தன என்று இதற்கு விளக்கம் தருகிறார்கள்.

இந்த ஆய்வின் வலிமை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடுவதற்கு முன்பே அளந்தார்கள் என்பதுதான் அது. சோலை எனப்படும் மலைமடிப்பு இயற்கைக் காட்டுக்குக் கீழே ஓர் ஊற்றையும் சீகைத் தோப்புக்குக் கீழே ஓர் ஊற்றையும் நீங்கள் இன்று ஒப்பிட்டால், சரிவு, மண்ணின் ஆழம், மேலே நீர் சேரும் பரப்பு எல்லாமே வேறுபடும். கிடைக்கும் வித்தியாசத்தை மரத்தின் கணக்கில் எழுத உங்களுக்கு உரிமை இல்லை. கற்பூர மரத்தின் முடிவை அப்படியே சீகைக்கு மாற்றி எழுதுவதும் தவறு.

ஆகவே கேள்வியைச் சுருக்குங்கள். கூடலூர், தேவாலா, நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்க, கோத்தகிரியும் குன்னூரும் வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. அந்த மழை ஓய்ந்தபின் ஐந்து ஊற்றுகளில் வரத்து எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதை டிசம்பரிலிருந்து மே வரை வாரந்தோறும் ஒரே நேரத்தில் அளக்கலாம். பத்து லிட்டர் வாளியும் நொடி காட்டும் கடிகாரமும் போதும். மூன்று முறை நிரப்பிச் சராசரி எடுங்கள், அருகில் ஒரு மழைமானி வையுங்கள். கேட்பதற்கு எளிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த ஆண்டு வரும் மாணவர் உங்கள் குறிப்பேட்டிலிருந்து தொடங்குவார், பத்து ஆண்டுகள் கழித்து அந்த ஊருக்கு ஒரு நீர்க்கணக்கு இருக்கும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988-ல் அமைத்த ஐம்பது ஹெக்டேர் காட்டு ஆய்வுப் பரப்பின் மதிப்பும் ஒரே மரங்களை மீண்டும் மீண்டும் அளந்ததால் வந்ததே.

கேள்வி (செவிலியர் முதுநிலை மாணவி, கூடலூர்): பழங்குடிக் குடியிருப்புகளில் அரிவாள் செல் இரத்தசோகை குறித்த விழிப்புணர்வை ஆராய்கிறேன். இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: இந்தியாவில் அரிவாள் செல் பண்பு (இந்தப் பரம்பரை இரத்த நோயின் மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற நிலை) முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், லேமன், கட்புஷ் ஆகிய இரு ஆய்வாளர்களும் 1952-ல் அதை வெளியிட்டார்கள். எழுபது ஆண்டுகளாக இம்மக்கள் ஆய்வாளர்களுக்குக் கை நீட்டி இரத்தம் கொடுத்து வருகிறார்கள் என்பதை முதலில் மனத்தில் நிறுத்துங்கள்.

கரைதிறன் பரிசோதனை மட்டும் செய்வதாக இருந்தால் வேண்டாம். அது பண்பைச் சுமப்பவரையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது. அதற்கு மின்புல நகர்வு (எலக்ட்ரோபோரசிஸ்) முறையோ உயர்திறன் திரவ நிறப்பகுப்போ (எச்.பி.எல்.சி.) தேவை. பண்பைச் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். பெற்றோர் இருவருமே சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதைப் பொறுமையாக விளக்கும் ஆலோசனையும், நோய் உறுதியானவருக்குத் தொடர் சிகிச்சைக்கான வழியும் உங்கள் திட்டத்தில் இல்லையென்றால், ஊசியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. பதினைந்து வீடுகளே உள்ள ஊரின் பெயரை எழுதி, அட்டவணையில் "22 வயதுப் பெண், ஒருவர்" என்று போட்டால், பெயரை மறைத்ததாக ஆகாது. அந்தப் பெண் யார் என்று பக்கத்து ஊருக்கும் தெரிந்துவிடும், அவளுடைய திருமணப் பேச்சு அதனால் நின்றுபோகக்கூடும். ஊர்ப் பெயரை விடுங்கள், வயதைப் பத்தாண்டு வரம்பாகக் கொடுங்கள். ஊர்த் தலைவர் சம்மதித்தார் என்பது ஒவ்வொருவரின் சம்மதத்துக்கும் ஈடாகாது.

கேள்வி (கல்வியியல் ஆய்வு செய்யும் ஆசிரியர், கொடைக்கானல் மேல்மலை): என் பள்ளியில் பளியர் பழங்குடிக் குழந்தைகள் உட்பட 23 பேர் படிக்கிறார்கள். வாசிப்புத் திறனை அளக்க இந்த எண்ணிக்கை போதுமா?

பதில்: எதற்குப் போதும் என்பதே கேள்வி. 23 பேரைக் கொண்டு சதவீதம் போட்டால், ஒரு குழந்தை காய்ச்சலில் வராத நாளில் நாலு சதவீதம் இறங்கிவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு குழந்தையும் எந்தச் சொல்லில் தயங்குகிறது, எதை ஊகித்துப் படிக்கிறது என்று ஓராண்டு குறித்து வையுங்கள்; பெரிய கணக்கெடுப்புகளால் காண முடியாததை உங்களால் காண முடியும். வாசிப்புப் பத்தியில் கடற்கரையும் ரயில் நிலையமும் வந்தால், நீங்கள் அளப்பது வாசிப்பை அன்று, குழந்தை எங்கே பிறந்தது என்பதை. தேனடையும் மூடுபனியும் வரும் பத்தி ஒன்றையும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெற்றோர் சம்மதத்தோடு, ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும். நீங்களே அவர்களுடைய ஆசிரியர் என்பதால், மறுத்தால் ஒன்றும் ஆகாது என்று குழந்தைக்குப் புரியும்படி வேறொருவர் கேட்பது நல்லது.

கேள்வி: பழைய ஆய்வேடுகளை எங்கே படிக்கலாம்?

பதில்: சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தலைப்பை உறுதி செய்வதற்கு முன்பே தேடிவிடுங்கள்.

கேள்வி (விலங்கியல் மாணவர், கொடைக்கானல்): சோலைக்காட்டுத் தவளைகளையும் பறவைகளையும் ஆராய ஆசை. நேராகக் காட்டுக்குப் போகலாமா?

பதில்: கூடாது. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும்; தவளையைக் கையால் பிடிப்பதற்கும் அது பொருந்தும். அனுமதி வர மாதங்கள் ஆகலாம் என்று கணக்கிட்டே காலஅட்டவணை போடுங்கள். பறவைகளின் குரலைச் சாலையோரச் சோலைகளில் பதிவு செய்வதிலிருந்து தொடங்கலாம். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலையின் தரையோரம் திரியும் நீலநிறச் சிறு பறவைகள் பாலக்காட்டுக் கணவாயால் பிரிக்கப்பட்ட வெவ்வேறு இனங்கள். மரபணுவை ஆராய்ந்து 2017-ல் அவற்றுக்கென ஏற்படுத்திய பேரினத்துக்குச் சோலிகோலா என்று பெயரிட்டார்கள். நம்முடைய சோலை என்ற சொல் அதில் இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

சோலையை மட்டும் பார்க்காமல் புல்வெளியையும் பாருங்கள். பழனி மலையின் உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, 1973-க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் மரத் தோட்டங்களாகவும் விளைநிலங்களாகவும் மாறியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. புல்லை வெற்று நிலம் என்று எழுதும் பழக்கம் நம் ஆய்வேடுகளில் இன்னும் இருக்கிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி (உருளைக்கிழங்கு விவசாயி, உதகை அருகே ஒரு ஹட்டி, அதாவது படகர் சிற்றூர்): ஆண்டுதோறும் மாணவர்கள் வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். ஒருவரும் திரும்பி வந்ததில்லை. எங்களுக்கு என்ன பயன்?

பதில்: உங்கள் குறை நியாயமானது. நானும் இளமையில் அப்படித் திரும்பிப் போகாமல் விட்ட ஊர்கள் உண்டு, அதற்காக இன்றும் வருந்துகிறேன். பயன்பட்ட ஆய்வும் உண்டு. உங்கள் கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதன் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்று தெரிந்ததால்தான் பயிர் சுழற்சியை வற்புறுத்தினார்கள், அதை எதிர்க்கும் குஃப்ரி சுவர்ணா இரகமும் வந்தது.

இனி யார் வந்தாலும் மூன்று கேளுங்கள்: வழிகாட்டிப் பேராசிரியரின் பெயர், நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதத்தின் நகல், முடிவைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி ஹட்டியில் படித்துக் காட்டும் தேதி. தேதி சொல்லாதவரிடம் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கையெழுத்திட்ட பிறகும்கூட விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.